டி.என்.ஏ. சுருளின் திசையும் உலோகச் சிக்கற்சேர்வைகளின் சாட்சியமும்

சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை முதலிய கரையோர ஊர்களில் டி.என்.ஏ. என்ற சொல் ஆய்வுகூடத்துக்கு வெளியே புழங்கத் தொடங்கியமைக்கு 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளும் அதனைத் தொடர்ந்த வழக்கொன்றும் முக்கிய காரணங்கள் எனலாம். கடற்கோளிலிருந்து மீட்கப்பட்டுக் கல்முனை மருத்துவமனையில் 81ஆம் இலக்கத்தால் அறியப்பட்ட கைக்குழந்தையின் பெற்றோர் யாவர் என்பதை 2005 பெப்ரவரியில் டி.என்.ஏ. சோதனை தீர்த்துவைத்தது. அன்று தொட்டு எம்மவர் மனத்தில் டி.என்.ஏ. என்பது ஓர் எழுத்துச் சுவடி. இன்னார் இன்னாருக்கு உரியவர் எனச் சொல்லும் ஆவணம். அது தவறான கருத்தன்று. ஆயினும் அம்மூலக்கூற்றுக்கு எழுத்தொழுங்கு மட்டுமன்றி உருவமும் உண்டு. அவ்வுருவம் யாண்டும் ஒன்றுதானா, இடத்துக்கிடம் வேறுபடுமா என்ற வினா ஒரு காலத்தில் கடுமையாக விவாதிக்கப்பட்டது. அவ்விவாதத்தில் சென்னை வழிவந்த ஆய்வாளர்களுக்கு இருந்த பங்கும், அவ்வினாவை விசாரிக்க உலோகச் சிக்கற்சேர்வைகள் சாட்சிகளாக அழைக்கப்பட்ட வரலாறும் தமிழில் விரிவாகப் பேசப்பட வேண்டியவை.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு. சுருளின் திசையைக் குறிக்க வலம்புரி, இடம்புரி என்ற அழகிய சொற்கள் எம்மிடம் உண்டு. ஆனால் அவற்றை ஈண்டுப் பயன்படுத்துவதில் இடர்ப்பாடு உள்ளது. நாம் வலம்புரி எனப் போற்றும் அரிய சங்கை விலங்கியலாளர் இடச்சுருள் கொண்டது என்றே வகுப்பர். சாதாரணச் சங்குதான் அவர்கள் கணக்கில் வலச்சுருள் கொண்டது. பார்ப்பவர் சங்கை எப்பக்கமாகப் பிடிக்கிறார் என்பதில் வந்த வேறுபாடு இது. ஆகவே சாதாரணத் திருகாணி செல்லும் திசையை வலஞ்சுழி என்றும், அதன் கண்ணாடி விம்பத்தை இடஞ்சுழி என்றும் இக்கட்டுரை வழங்கும். இவ்வேறுபாட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு: வலக்கையை எவ்வளவு திருப்பினாலும் அது இடக்கை ஆகாது. பின்னர் வரும் கதை முழுவதும் இவ்வுண்மையைப் பற்றியே நிற்கிறது.

1953இல் வாற்சனும் கிறிக்கும் முன்வைத்த மாதிரி வலஞ்சுழி இரட்டைச் சுருள். அதற்கு ஆதாரமாக அமைந்தவை டி.என்.ஏ. இழைகளிலிருந்து பெறப்பட்ட எக்சு-கதிர்ப் படங்கள். அவற்றுட் சிறந்தவை உரோசலின்ட் பிராங்கிளினும் அவரது மாணவர் கோசிலிங்கும் எடுத்தவை. ஈரப்பதன் குறையும்போது ஏ வடிவமும், கூடும்போது பி வடிவமும் தோன்றுவதைப் பிராங்கிளின் வேறுபடுத்திக் காட்டினார். உருவம் ஒன்றல்ல என்பதற்கான முதற்சான்று இவ்வாறு தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. ஆனால் இழைப் படம் தனியொரு மூலக்கூற்றின் படமன்று. கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரி. சராசரியிலிருந்து உருவத்தை நேரடியாகப் பெயர்த்தெடுக்க இயலாது. ஒரு மாதிரியைக் கட்டி, அது தரவேண்டிய படத்தைக் கணித்து, கிடைத்த படத்தோடு ஒப்பிடுவதே வழி. வேறொரு மாதிரியும் ஏறத்தாழ அதே படத்தைத் தரக்கூடுமோ என்ற ஐயத்துக்கு அங்கே இடமிருந்தது.

அவ்வையத்தை எழுப்பியோரில் ஒருவர் வி. சசிசேகரன். சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பகுதியில் ஜி. என். இராமச்சந்திரன் உருவாக்கிய ஆய்வு மரபில் வந்தவர் இவர். 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாசனின் மும்மடிச் சுருளை முன்வைத்த இராமச்சந்திரன், 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் புரதச் சங்கிலியில் எவ்வெத் திருப்பங்கள் இயலும், எவை இயலா என்பதை வரைபடமாக்கினார். அவ்வரைபடம் இன்றும் உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கும் உரைகல்லாக விளங்குகிறது. அதன் அடிப்படை எளிமையானது: இரண்டு அணுக்கள் ஒரே இடத்தை அடைத்துக்கொள்ள முடியாது. விலையுயர்ந்த கருவிகள் அரிதாயிருந்த ஒரு நாட்டில், பிணைப்புக் கோணங்களையும் அணுக்களுக்கிடையிலான தூரங்களையும் மட்டும் துணைக்கொண்டு அம்மரபு உலகத்தரமான விடைகளைக் கண்டது. 1970களின் தொடக்கத்தில் இக்குழு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு இடம்பெயர்ந்த பின், அதே முறையைச் சசிசேகரன் டி.என்.ஏ.யின் மீது செலுத்தினார்.

1976இல் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரிலிருந்து றொட்லியும் அவரது கூட்டாளிகளும் எழுதியது; மற்றது பெங்களூரிலிருந்து சசிசேகரனும் பட்டாபிராமனும் எழுதியது. ஒருவரையொருவர் சாராது எழுந்த இவ்விரு முன்மொழிவுகளும் ஒரே திசையை நோக்கின. இரண்டு இழைகளும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக் கிடக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்து மூலச்சோடி அளவுக்கு வலஞ்சுழியாகவும் அடுத்த ஐந்து அளவுக்கு இடஞ்சுழியாகவும் மாறி மாறி வளைந்து, அவை பக்கம் பக்கமாகவே செல்லலாம் என்பதே அக்கருத்து. றொட்லி உயிரியலாளர் அல்லர். ஒட்சிசனைத் தாங்கும் கோபாற்றுச் சிக்கற்சேர்வைகளை ஆராய்ந்த அசேதன இரசாயனவியலாளர் என்பது சுவையான செய்தி.

இம்மாதிரியின் பின்னால் நியாயமான ஒரு மனக்குறை இருந்தது. இலட்சக்கணக்கான சுற்றுகளாக முறுகிய இரு இழைகள் கலம் பிரியும் ஒவ்வொரு முறையும் சிக்கலின்றி எவ்வாறு பிரிகின்றன? வள்ளத்தில் நனைந்து முறுகிய கயிற்றைப் பிரிக்க முயன்ற எவருக்கும் இவ்வினாவின் கனம் விளங்கும். பக்கம் பக்கமாகச் செல்லும் இழைகளுக்கு அத்தொல்லை இல்லை.

விடை 1979இல் வந்தது. கிறிக், ஜேம்ஸ் வாங், வில்லியம் பவர் ஆகிய மூவரும், டி.என்.ஏ. உண்மையிலேயே இரட்டைச் சுருள்தானா என்ற வினாவையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினர். எக்சு-கதிர்ப் படத்தை அவர்கள் முதன்மைச் சான்றாகக் கொள்ளவில்லை. முனைகள் மூடிய வளைய வடிவ டி.என்.ஏ.யில் இரு இழைகளும் எத்தனை முறை ஒன்றோடொன்று கோக்கப்பட்டுள்ளன என்பது முழு எண். இழையை அறுக்காமல் அதனை மாற்ற இயலாது. மூடிய வளையத்தைச் சூடாக்கி மூலச்சோடிகளைக் குலைத்தாலும் இழைகள் கழன்று விலகுவதில்லை. மேலும், சிறிதளவே நீளம் வேறுபட்ட வளையங்கள் ஜெல்லில் நகரும் விதத்தை ஒப்பிட்டு, கரைசலில் ஒரு சுற்றுக்குச் சுமார் 10.4 மூலச்சோடிகள் எனவும் வாங் கணித்திருந்தார். கோப்பு எண் பூச்சியத்தை அண்டி நிற்கவேண்டிய பக்கவாட்டு மாதிரியால் இதற்கு விடை கூற முடியவில்லை. முறுக்கவிழ்க்கும் சிக்கலையோ, இழையை அறுத்து ஒட்டும் நொதியங்கள் தீர்த்துவைக்கின்றன என்பது அக்காலத்தில் தெளிவாகிக்கொண்டிருந்தது. பொதுவிதி என்ற அளவில் அம்மாதிரி தோற்றது. இதில் மழுப்புவதற்கு எதுவுமில்லை. எனினும் கிறிக் போன்ற ஒருவர் தமது மாதிரியை அடியிலிருந்து மறுபடி நிறுவவேண்டிய நிலையைப் பெங்களூரும் கிறைஸ்ட்சேர்ச்சும் ஏற்படுத்தின. மூன்றாம் உலக விஞ்ஞானம் மேலை நாட்டுக் கோட்பாட்டுக்கு அளவீடுகள் சேகரித்துத் தருவது மட்டுமே என்ற எண்ணமுடையோர் இதனைக் கவனிக்கவேண்டும்.

அவ்வாண்டு முடியும் முன்னரே நிலைமை மற்றொரு திருப்பத்தைக் கண்டது. 1979 டிசம்பரில் அலெக்சாண்டர் ரிச்சின் குழு, சைற்றோசினும் குவானினும் மாறி மாறி வரும் ஆறு மூலச்சோடிகள் கொண்ட சிறு டி.என்.ஏ.யின் பளிங்கு அமைப்பை வெளியிட்டது. அது இடஞ்சுழி! ஒரு சுற்றுக்கு 12 மூலச்சோடிகள். சீனியும் பொசுபேற்றும் அமைந்த முதுகெலும்பு வளைந்து நெளிந்து குறுக்குமறுக்காகச் சென்றமையால் அதற்கு இசட் வடிவம் எனப் பெயரிட்டனர். இது சசிசேகரன் கூறிய உருவமன்று, ஆயினும் டி.என்.ஏ. இடப்பக்கமாகவும் சுழலலாம் என்பது ஐயத்துக்கிடமின்றி உறுதியாயிற்று. போலும் ஜோவினும் 1972இலேயே இதன் நிழலைக் கண்டிருந்தனர். செயற்கையான குவானின்–சைற்றோசின் டி.என்.ஏ.யின் கரைசலில் உப்பைக் கூட்டிச் செல்ல, வட்டமுனைவாக்கிய ஒளியில் அதன் நிறமாலை தலைகீழாகத் திரும்பியது.

ஆனால் அதற்குத் தேவைப்பட்ட உப்பின் அளவு கவனிக்கத்தக்கது. சாய்ந்தமருதுக் கரையில் நாம் காணும் கடல்நீரில் சோடியம் குளோரைட்டின் செறிவு ஏறத்தாழ 0.5 மோலார், இம்மாற்றத்துக்கோ அதைப்போல் ஐந்து மடங்கு வேண்டும். எந்த உயிர்க்கலம் அதனைத் தாங்கும்? இவ்விடத்தில்தான் உலோகச் சிக்கற்சேர்வை முதன்முறையாகக் கதைக்குள் நுழைகிறது. ஆறு அமோனியா மூலக்கூறுகள் சூழ்ந்த கோபாற்று அயன் மும்மடி நேரேற்றம் உடையது. அதன் 20 மைக்குரோமோலார் அளவே இதே மாற்றத்தை விளைவிக்கும் என 1981இல் பீயும் பெல்சன்பீல்டும் காட்டினர். இலட்சம் மடங்கு குறைந்த செறிவு! இடஞ்சுழி உருவம் கலத்துள் இயலாததன்று என்ற நம்பிக்கை இதனாற் பிறந்தது. கூடவே ஒரு தொல்லையும் பிறந்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

பளிங்கும் செயற்கைச் சங்கிலியும் காட்டிய உருவம் பல்லாயிரம் மூலச்சோடி நீளமான இயற்கை டி.என்.ஏ.யில் எங்கேனும் உண்டா? இருப்பின் எவ்விடத்தில்? சராசரி காட்டும் கருவிகளால் இதற்கு விடைகாண முடியாது. மூலக்கூற்றின் நெடுகச் சென்று, வேறுபட்ட உருவத்தைக் கண்ட இடத்தில் நின்று, அவ்விடத்தில் ஓர் அடையாளம் இட்டு வரக்கூடிய ஒற்றன் தேவைப்பட்டான்.

அவ்வொற்றனுக்கு வேண்டிய அறிவு தனித்தனி ஓடைகளாக ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. உலோக அயனைச் சுற்றி இணையிகள் எண்முகி வடிவில் அமைகின்றன என 1893இல் கூறிய அல்பிரெட் வேர்னர், அத்தகைய சிக்கற்சேர்வைகளுக்கு இடக்கை, வலக்கை வடிவங்கள் உண்டென்பதை 1911இல் அவற்றைப் பிரித்தெடுத்தே நிறுவினார். அவுஸ்திரேலியாவில் பிரான்சிஸ் டுவயர், மூன்று பினாந்திரோலின் இணையிகள் காற்றாடி இதழ்கள் போற் பொருந்திய றுதேனியச் சேர்வையை ஆராய்ந்ததோடு, இவ்வகைச் சேர்வைகள் உயிர்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும் 1950களின் தொடக்கத்தில் சோதித்தார். தட்டையான சாய மூலக்கூறுகள் மூலச்சோடிகளுக்கு இடையே செருகிக்கொள்கின்றன என லேர்மன் 1961இல் விளக்கினார். தட்டையான பிளாற்றினச் சேர்வைகளும் அவ்வாறே செருகுகின்றன என 1974இல் லிப்பார்டின் குழு காட்டியது. லிப்பார்டின் மாணவியான ஜாக்குலின் பார்ட்டனிடம் இவ்வோடைகள் ஒன்றுகூடின.

பார்ட்டனின் தர்க்கம் கையுறைத் தர்க்கமே. வலஞ்சுழிச் சுருளின் தவாளிப்பில் வலக்கைக் காற்றாடி பொருந்தும். இடக்கைக் காற்றாடியின் இதழ்கள் முதுகெலும்பில் இடிக்கும். பினாந்திரோலினில் இரண்டு பீனைல் கூட்டங்களைப் பூட்டி இதழ்களைப் பெரிதாக்கினால் இடிப்பு மேலும் கடுமையாகும். 1984இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர் குழு இதனைச் சோதித்தது. பெரிய இதழ்கள் கொண்ட றுதேனியச் சேர்வையின் வலக்கை வடிவம் பி வடிவ டி.என்.ஏ.யைப் பற்றியது, இடக்கை வடிவம் பற்றவில்லை. இசட் வடிவத்திலோ தவாளிப்பு ஆழமற்றது. இரண்டு வடிவங்களும் பற்றின. ஆகவே இடக்கைச் சேர்வை எங்கே பற்றுகிறதோ அங்கே வழக்கமான உருவம் இல்லை எனலாம்.

அடுத்த ஆண்டில் றுதேனியத்துக்குப் பதிலாகக் கோபாற்றை வைத்தனர். ஒளி பட்டதும் கோபாற்றுச் சேர்வை தான் பற்றிய இடத்தில் இழையை அறுத்துவிடும். ஒற்றன் இடும் அடையாளம் அதுவே. 4361 மூலச்சோடிகள் கொண்டதும் பற்றீரியாக்களில் வளர்க்கப்படுவதுமான பிபிஆர்322 என்னும் வளையத்தில் அது சில இடங்களை மட்டும் தேர்ந்து வெட்டியது. இசட் வடிவம் எடுக்கக்கூடிய எழுத்தொழுங்குகள் அவ்விடங்களில் இருந்தன. 1986இல் ஏ வடிவத்தைத் தேடும் றுதேனியச் சேர்வையும், 1988இல் சிலுவை வடிவைத் தேடும் உரோடியச் சேர்வையும் இவ்வரிசையிற் சேர்ந்தன.

இவை படிப்பதற்கு வெற்றிக் கதை போலத் தோன்றும். ஆனால் நீதிமன்றில் ஒரு சாட்சியம் குறுக்கு விசாரணைக்குப் பின்னரே ஏற்கப்படும். குறுக்கு விசாரணை இரண்டு முனைகளிலிருந்து வந்தது. முதலாவது, சாட்சி எங்கே நின்று பார்த்தது என்பது. சாதாரண பினாந்திரோலின் றுதேனியச் சேர்வை மூலச்சோடிகளுக்கிடையே செருகுகிறது என்ற விளக்கத்தைச் சுவீடனின் நோர்டென் குழுவினர் முனைவாக்கிய ஒளி கொண்டு கேள்விக்குள்ளாக்கினர். 1992இல் சத்தியநாராயணா, டப்ரோவியக், செயர்ஸ் ஆகியோர், அதன் வலக்கை வடிவமோ இடக்கை வடிவமோ வழமையான இடைச்செருகல் மூலம் பற்றுவதில்லை எனத் திட்டவட்டமாக எழுதினர். அவர்கள் நம்பியவற்றுள் ஒன்று பிசுக்குமை அளவீடு. சோடிகளுக்கிடையே ஒரு பொருள் செருகினால் டி.என்.ஏ. நீளும், நீண்டால் கரைசலின் பிசுக்குமை ஏறும். இங்கே அது ஏறவில்லை. பெரிய இதழ் கொண்ட சேர்வைகளுக்கு இம்முடிவை அப்படியே ஏற்றிவிட முடியாதெனினும், கையுறைத் தர்க்கத்தின் அழகிய படம் அவ்வளவு எளிமையானதன்று என்பது புலனாயிற்று. செருகல் என்பதற்கு ஐயமற்ற உதாரணமாக நின்றது, நீண்ட தட்டையான இணையி பூட்டிய வேறொரு றுதேனியச் சேர்வை. நீரில் இருண்டு கிடந்து டி.என்.ஏ.யிற் புகுந்ததும் ஒளிரும் அதனை 1990இல் பார்ட்டனும் சோவாஜும் கூட்டாக வெளியிட்டனர். அவ்வகைச் சேர்வைகள் டி.என்.ஏ.யினுட் செருகிய நிலையில் 2012இல் பளிங்கு அமைப்புகளிலும் காணப்பட்டன.

இரண்டாவது குறுக்கு வினா இன்னும் ஆழமானது. சாட்சி தான் கண்டதைச் சொல்கிறதா, தானே உண்டாக்கியதைச் சொல்கிறதா? கோபாற்று அமோனியாச் சேர்வை இசட் வடிவத்தை உண்டாக்குகிறது என்பதை மேலே கண்டோம். நேரேற்றமுள்ள எந்த உலோகச் சேர்வையும் எதிரேற்றமுள்ள இழைகளை நெருங்கும்போது அவற்றுக்கிடையிலான விலக்கத்தைத் தணிக்கும். தணித்தால் உருவச் சமநிலை சாயும். இதற்கு ஆய்வாளர் கண்ட காப்புகள் சில. சிலுவை வடிவைத் தேடிய உரோடியச் சேர்வை, மிகைச்சுருளல் நீங்கி நேராக்கப்பட்ட மூலக்கூற்றில் அந்த வெட்டை நிகழ்த்துவதில்லை. சேர்வை தானே உருவத்தை உண்டாக்குமாயின் அங்கும் வெட்டு விழவேண்டும். மற்றொரு காப்பு, தொடாமலே வெட்டுவது. டி.என்.ஏ.யோடு ஒட்டாத இரும்புச் சேர்வையொன்று கரைசலில் ஐதரொட்சில் மூலிகங்களைப் பிறப்பிக்க, அவை வந்து இழையை அறுப்பதைக் கொண்டு சுருளின் முறுக்கை அளக்கலாம் என 1985இல் தலியசும் தொம்புரோஸ்கியும் காட்டினர். கிடைத்த எண் சுற்றுக்குச் சுமார் 10.5. வாங் முற்றிலும் வேறு வழியில் கண்ட எண்ணோடு இது நெருங்கிப் பொருந்துகிறது. சிக்மன் 1979இல் கண்ட செம்பு–பினாந்திரோலின் வெட்டி இவ்விரு வகைகளுக்கும் இடைப்பட்டது. நொதியமொன்றைத் தடுக்கும் முயற்சியில் தற்செயலாகக் கிடைத்தது அது.

தமிழ்நாட்டில் இவ்வியல் பின்னர் பரவலாக வேரூன்றியது. திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பழனியாண்டவரின் குழுவும், சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் உண்ணி நாயரின் குழுவும் செம்பு, றுதேனியம், குரோமியம் முதலியவற்றின் சேர்வைகள் டி.என்.ஏ.யோடு கொள்ளும் உறவை ஆராய்ந்தன. மெதைல் கூட்டங்கள் பூட்டிய பினாந்திரோலினைக் கொண்ட றுதேனியச் சேர்வைகள் பி வடிவத்தை இசட் வடிவமாக மாற்றுவதைத் திருச்சிக் குழு 2000களில் அறிவித்தது. சாட்சியாகத் தொடங்கிய சேர்வை இங்கே வெளிப்படையாகவே உருவம் மாற்றும் கருவியாகிவிட்டதைக் காணலாம். இவற்றைத் தொடர்ந்து வந்த ஆய்வுக் கட்டுரைகளுட் பல, புதிய சேர்வையொன்றைத் தயாரித்து, கன்றின் தைமசுச் சுரப்பி டி.என்.ஏ.யுடன் கலந்து, பிணைப்பு மாறிலி ஒன்றைக் கணித்து முடிந்துவிடுகின்றன. எவ்வுருவத்தோடு, எப்பக்கத்திலிருந்து, உருவத்தைக் குலைத்தா குலைக்காமலா என்ற வினாக்கள் அவற்றில் எழுவதேயில்லை. மாறிலிகள் பெருகுவதால் அறிவு பெருகிவிடாது.

கருவி இல்லை என்ற சமாதானமும் முழுமையாகப் பொருந்தாது. 1992இன் வாதத்தைத் தாங்கிநின்ற பிசுக்குமை அளவீட்டுக்கு வேண்டியவை ஒரு நுண்துளைக் கண்ணாடிக் குழாய், வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டி, நிறுத்தற் கடிகாரம் ஆகியவையே. சாய்ந்தமருதிலிருந்து சில மைல் தொலைவில், சம்மாந்துறையில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடம் போன்ற இளைய பீடங்களுக்கும் இது எட்டாத பொருளன்று. சென்னையில் அன்று அணுக்களின் தூரங்களை வைத்துச் செய்த கணிப்பும் அவ்வாறே செலவு குறைந்ததாய், வினாவின் கூர்மையில் மட்டும் தங்கியதாய் இருந்தது.

இசட் வடிவத்தின் உயிரியற் பணி பற்றிய நெடுங்கால ஐயம் ஓரளவு தீர்ந்துள்ளது. அவ்வுருவத்தையே அடையாளங்கண்டு பற்றும் புரதப் பகுதி மனிதக் கலத்தின் நொதியமொன்றில் உண்டெனக் கண்டறியப்பட்டு, 1999இல் அதன் பளிங்கு அமைப்பும் வெளியாயிற்று. அதனைக் கண்டவர்களும் ரிச்சின் குழுவினரே. இன்று ஆய்வாளர் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பது வேறோர் உருவம்: குவானின்கள் நந்நான்காகக் கூடி அடுக்கும் நாலிழை அமைப்பு. குவானின் நால்வர் கூட்டை 1962இலேயே கெல்லர்ட் முதலானோர் கண்டிருந்தனர். நிறமூர்த்தங்களின் முனைகளில் திரும்பத் திரும்ப வரும் எழுத்தொழுங்கு இவ்வுருவம் எடுக்கவல்லது. எண்முகிக் காற்றாடிகள் இதற்குப் பொருந்தா. அகன்ற தட்டையான முகத்தின்மேல் அமரத் தட்டையான சதுரச் சேர்வைகள் வேண்டும். இலண்டனில் நீடில், விலார் ஆகியோரின் குழுவினர் 2006இல் வெளியிட்ட நிக்கல் சேர்வைகள் அத்தகையவை.

நாலிழை அமைப்பு மனிதக் கலத்துள் உண்மையில் உள்ளதா என்ற விசாரணையில் முன்நிற்பவர், சென்னையிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த சங்கர் பாலசுப்பிரமணியன். 2013இல் அவரது குழு நோயெதிர்ப் புரதமொன்றின் உதவியால் கலக்கருவுக்குள் இவ்வமைப்புகளைப் புள்ளிகளாகக் காட்டியது. நாலிழையை நிலைப்படுத்தும் சேதனச் சேர்வையொன்றைக் கலங்களுக்கு ஊட்டியபோது புள்ளிகளின் எண்ணிக்கை கூடியது. முன்பே இருந்தவை நிலைபெற்றனவா, இல்லாதவை உண்டாக்கப்பட்டனவா என்ற பழைய வினா இங்கும் உடனே எழும். ஆகவேதான் 2020இல் அக்குழுவினர் உயிருள்ள கலங்களுக்குள் ஒளிரும் தேடுபொருளொன்றைச் செலுத்தியபோது அதன் செறிவை நானோமோலார் அளவுக்குத் தாழ்த்தினர். நாலிழைகளுட் சிலவே அதனைப் பற்றும், உருவச் சமநிலை குலையாது என்ற நிபந்தனையின்கீழ், ஒவ்வொரு மூலக்கூறாக அதன் ஒளியை எண்ணினர்.